பின் ஸ்பீக்கரை வைத்து முன்னால் மேடை கட்டியது

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கண்ணை மூடுங்கள். ஒரு பாட்டைப் போட்டு, பாடுகிறவர் இருக்கும் திசையில் விரலை நீட்டிப் பாருங்கள். என் காரில் போன தை மாதம் வரை விரல் போன இடம் வலது கதவின் அடிப்பக்கம், என் முழங்காலுக்கு அருகில். பின் ஸ்பீக்கரையும் சேர்த்து ஓடவிட்டால் பாடகர் என் வலது தோளுக்குப் பின்னால் போய்விடுவார். வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம், நடுவில் பாடகர் என்று சபாவில் கேட்பதுபோல் டேஷ்போர்டுக்கு மேலே ஒரு மேடை விரிய வேண்டும் என்பது என் பல வருட ஆசை. அதற்குப் பின் ஸ்பீக்கரைப் பிடுங்கிவிடு என்றுதான் பலரும் சொன்னார்கள். பிடுங்கவில்லை. அதன் வேலையை மாற்றினேன். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

வண்டி பத்து வருடத்து ஹேட்ச்பேக். டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டர் இருப்பதால், ஆழமான பேஸுக்கான சப்வூஃபருக்கு இடமில்லை. முன் கதவில் கீழ்ச்சுரங்களுக்கு ஆறரை அங்குல வூஃபர், கண்ணாடிக்குப் பக்கத்துத் தூணில் மேல்சுரங்களுக்கு ட்வீட்டர், இரண்டுக்கும் பாட்டைப் பிரித்துக் கொடுக்கும் பேசிவ் கிராஸ்ஓவர். பின் கதவுகளில் கம்பெனி கொடுத்த பழைய ஸ்பீக்கர். இவற்றை ஓட்ட, நான்கு அவுட்புட்டும் நான்கு இன்புட்டும் உள்ள, டிஎஸ்பி (ஒலியின் தாமதத்தையும் அளவையும் டிஜிட்டலாகத் திருத்தும் சிப்) சேர்ந்த ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்கினேன். டேஷ்போர்டில் இருக்கும் பிளேயர், அதாவது ஹெட் யூனிட், பழையதுதான். அதன் ஸ்பீக்கர் வயர்களே ஆம்ப்புக்குள் போகின்றன. பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போட்டேன். இந்த ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பின்னால் கை வைப்பதற்கு முன் முன்பக்கத்தைச் சரி செய்தாக வேண்டும். முன்னால் மேடை இல்லாத வண்டியில் பின் ஸ்பீக்கர் எந்த உதவியும் செய்யாது. நமக்கு ஸ்டியரிங் வலப்பக்கம். அதனால் வலது ஸ்பீக்கர் காதுக்கு அருகில், இடது ஸ்பீக்கர் தொலைவில். டேப் வைத்து அளந்தேன்: என் தலையின் நடுவிலிருந்து வலது வூஃபர் 98 செ.மீ., இடது வூஃபர் 142 செ.மீ. வித்தியாசம் 44 செ.மீ. ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 செ.மீ. போகும். அப்படியென்றால் வலது ஸ்பீக்கரை 1.3 மில்லிசெகண்ட் தாமதப்படுத்தினால் இரண்டும் ஒன்றாகக் காதுக்கு வரும். டிஎஸ்பியில் அந்த எண்ணைப் போட்டதும் முழங்காலில் இருந்த குரல் எழுந்து ஸ்டியரிங்குக்கும் கண்ணாடிக்கும் நடுவில் போய் நின்றது. அந்த நிமிடம் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்புறம் லேப்டாப்பில் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளையும் ஒரு யுஎஸ்பி மைக்கையும் வைத்து, இடதும் வலதும் ஒரே சுரத்தில் ஒரே அளவு ஒலிக்கும்படி ஈக்வலைசரைத் திருத்தினேன். இதற்கே ஒரு ஞாயிறு முழுதும் போனது.

மேடை வந்தது. ஆனால் மேடைக்குச் சுற்றிலும் மண்டபம் இல்லை. டேஷ்போர்டின் மேல் ஒரு சின்னப் பெட்டிக்குள் உட்கார்ந்து பாடுவது போல இருந்தது. சபாவில் பாட்டு முன்னாலிருந்துதான் வரும். ஆனால் பக்கச் சுவரிலும் பின்சுவரிலும் பட்டுத் திரும்பும் ஒலி நம்மைச் சுற்றி இருக்கும். அதுதான் இடத்தின் அளவைக் காதுக்குச் சொல்கிறது. பின் ஸ்பீக்கருக்கு நான் கொடுக்க நினைத்த வேலை அது ஒன்றுதான்: பின்சுவராக இருப்பது.

இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. இடது சேனலிலிருந்து வலது சேனலைக் கழித்து, மிச்சத்தை மட்டும் பின்னால் அனுப்புவது. பாடகர் குரல், பேஸ், டிரம்ஸின் அடி எல்லாம் இரண்டு சேனலிலும் சமமாகப் பதிவாகியிருக்கும். கழித்தால் அவை போய்விடும். எஞ்சுவது எதிரொலியும், ஒரு பக்கமாக வைத்த வாத்தியங்களும். அமெரிக்க ஆம்ப்ளிஃபயர் வடிவமைப்பாளர் டேவிட் ஹாஃப்ளர் 1970-களில் வீட்டு ஸ்டீரியோவுக்கு இதைப் பரப்பினார். ஆம்ப்பின் இடது பிளஸ்ஸுக்கும் வலது பிளஸ்ஸுக்கும் நடுவில் பின் ஸ்பீக்கரை மாட்டினால் போதும், வேறு கருவியே வேண்டாம். கார் ஆம்ப்பில் இதை யோசிக்காமல் செய்துவிடாதீர்கள். சில ஆம்ப்புகளில், இரண்டு சேனலை ஒன்றாக இணைக்க (பிரிட்ஜ் செய்ய) வசதியாக ஒரு சேனலை உள்ளேயே தலைகீழாக வைத்திருப்பார்கள். அங்கே இந்த இணைப்பு கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிடும். தாமதமும் இந்த முறையில் கொடுக்க முடியாது. காருக்குத் தாமதம்தான் உயிர்.

அதன் காரணத்தை எங்கள் ஊர்த் திருவிழாவை வைத்தே புரிந்துகொண்டேன். தெரு நெடுகக் கம்பத்துக்குக் கம்பம் கூம்பு ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். எல்லாவற்றிலும் ஒரே பாட்டு. ஆனால் நமக்கு மிக அருகில் உள்ள கூம்பிலிருந்துதான் பாட்டு வருவதாகத் தோன்றும். அடுத்த கூம்பின் ஒலி அதோடு கலந்துவிடும். ரொம்பத் தூரத்துக் கூம்பு மட்டும் தனியாக, இரண்டாவது முறை பாடுவதுபோல் கேட்கும். முதலில் வரும் ஒலியை வைத்தே காது திசையை முடிவு செய்கிறது. சில பத்து மில்லிசெகண்டுக்குள் பின்னால் வருவதை அதோடு சேர்த்துக்கொள்கிறது, அதையும் தாண்டி வருவதை எதிரொலியாகப் பிரித்துவிடுகிறது. ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஹெல்முட் ஹாஸ் 1949-இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் அளந்து காட்டியது இதைத்தான்; ஒலித்துறையில் இன்றும் ஹாஸ் விளைவு என்றே சொல்கிறார்கள். காரில் பின் கதவு ஸ்பீக்கர் என் தலைக்கு 92 செ.மீ. தூரத்தில் இருக்கிறது, முன் இடது ஸ்பீக்கரைவிடப் பக்கம். தாமதம் கொடுக்காவிட்டால் அதன் ஒலி முன்னதாகவே வந்து, மேடையைப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விடும். பின் ஸ்பீக்கர் மேடையைக் கெடுக்கிறது என்று எல்லோரும் சொல்வது இதனால்தான்.

சரி, கழிப்பது எப்படி? என் டிஎஸ்பியின் மிக்ஸரில் ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் எந்த இன்புட் எத்தனை சதவீதம் என்று கொடுக்கலாம். ஆனால் மைனஸ் கொடுக்க வழியில்லை. ஃபேஸைத் திருப்பும், அதாவது சிக்னலைத் தலைகீழாக்கும் பட்டன் அவுட்புட் பக்கத்தில் மட்டும் இருக்கிறது. கூட்டியபின் திருப்பி என்ன பயன்? இரண்டு நாள் இதிலேயே சுற்றினேன். விடை வயரில் இருந்தது. ஹெட் யூனிட்டிலிருந்து முன் ஜோடி வயர்கள் இன்புட் 1, 2-க்குப் போகின்றன. பின் ஜோடி 3, 4-க்கு. நான்காவது இன்புட்டில் மட்டும், அதாவது பின் வலது வயரில், பிளஸ்ஸையும் மைனஸையும் இடம் மாற்றி மாட்டினேன். இப்போது 4-இல் வருவது தலைகீழான வலது சேனல். பின் அவுட்புட் இரண்டுக்கும் 3-ஐயும் 4-ஐயும் சேர்த்துக் கொடுத்தால் கூட்டலே கழித்தலாகிவிடுகிறது. ஹெட் யூனிட்டின் ஸ்பீக்கர் மைனஸ் வயர் பாடி எர்த் அல்ல, அதிலும் சிக்னல் உண்டு. அதனால் வண்டியின் எந்த இரும்பிலும் அது படாமல் ஸ்லீவ் போட்டு மூடினேன்.

அடுத்தது பின் கதவு. என் வண்டியில் பின் ஜன்னலுக்குச் சுற்றும் கைப்பிடி. அதன் பின்னால் சி வடிவத்தில் ஒரு கிளிப் ஒளிந்திருக்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் கதவின் உள்மூடியான டிரிம்தான் கிழியும். பழைய வேட்டித் துணியில் ஒரு நாடா கிழித்துக் கைப்பிடிக்குப் பின்னால் நுழைத்து, இரண்டு முனையையும் பிடித்து இப்படியும் அப்படியுமாக இழுத்தால் துணியில் மாட்டிக்கொண்டு கிளிப் தெறித்து வரும். தெறிக்கும்போது எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். என்னுடையது பக்கத்துச் சாக்கடை வரை உருண்டது. டிரிமின் பிளாஸ்டிக் கிளிப் மூன்று உடைந்தன. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பத்து வாங்கி வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

உள்ளே கறுப்புப் பசையால் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை உரித்து, கதவின் வெளித்தகட்டுக்கு உள்பக்கம், அதிர்வை அடக்கும் பியூட்டைல் ரப்பர் ஷீட் ஒட்டினேன். தகட்டை விரலால் தட்டினால் முன்பு தகர டப்பா சத்தம். ஒட்டியபின் தேங்காயைத் தட்டினது போல அடங்கிய சத்தம். கதவின் அடியில் மழைத் தண்ணீர் வெளியேறும் துளைகள் இருக்கும், அவற்றை மூடாதீர்கள். 12 மி.மீ. மரைன் பிளைவுட்டில் வளையம் அறுத்து, வார்னிஷ் அடித்து, புது ஸ்பீக்கரை அதில் உட்கார வைத்தேன். பின்னால் ஓடப்போவது பாட்டின் நடுப்பகுதி மட்டும்தான், அதனால் விலையுயர்ந்த ஸ்பீக்கர் தேவையில்லை. ட்வீட்டர் நடுவிலேயே சேர்ந்து வரும் சாதாரண கோஆக்சியல் போதும்.

இங்கேதான் ஒரு பழைய கணக்கு தீர்ந்தது. மூடுவதற்கு முன் 1.5 வோல்ட் பேட்டரியை ஆம்ப் பக்கத்து வயர் முனையில் ஒரு நொடி தொட்டுப் பார்த்தேன். பிளஸ்ஸுக்குப் பிளஸ் தொட்டால் கோன் வெளியே வர வேண்டும். வலது கதவில் வந்தது. இடது கதவில் உள்ளே போனது. சில வருடத்துக்கு முன் ஒரு கடையில் வயர் மாற்றியபோது தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். இத்தனை வருடம் பின்னாலிருந்து பேஸ் வராததற்கு ஸ்பீக்கரையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்து ரூபாய் கனெக்டரைத் திருப்பி மாட்டியதும் சரியாயிற்று. நீங்கள் எதைச் செய்யாவிட்டாலும் இந்தப் பேட்டரி சோதனையை நான்கு கதவிலும் செய்துவிடுங்கள்.

முதல் சோதனையில் அவசரப்பட்டுத் தாமதம், ஃபில்டர் எதுவும் இல்லாமல் கழித்த சிக்னலை முழு அளவில் விட்டேன். காது அடைத்துக்கொண்டதுபோல் இருந்தது, ஐந்து நிமிடத்தில் தலை சுற்றியது. ஒரு வாத்தியத்தை முழுக்க ஒரு பக்கம் தள்ளிப் பதிவு செய்த ஆரம்பகால ஸ்டீரியோ பாட்டுகளில் அந்த வாத்தியம் பின்னாலிருந்து முழுச் சத்தத்தோடு வந்தது. கழித்தல் மட்டும் போதாது என்று அப்போது தெரிந்தது.

தாமதத்தை இரண்டு படியாகப் போட்டேன். முதலில் பின் ஸ்பீக்கர்களும் முன்னதோடு ஒன்றாக வருவதற்கான கணக்கு: 92 செ.மீ. தூரத்து வலதுக்கு சுமார் 1.5, 128 செ.மீ. தூரத்து இடதுக்கு 0.4 மில்லிசெகண்ட். அதன்மேல் இரண்டுக்கும் சமமாகக் கூடுதல் தாமதம். 5 போட்டால் மேடை இன்னும் பின்னால் சாய்ந்தது. 10-இல் மேடை நிலைத்தது, மண்டபம் சின்னது. 20-இல் மண்டபம் பெரிதானது, ஆனால் தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் போட்டபோது விஷயம் வெளிப்பட்டது. மிருதங்கத்தின் வேகமான சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று பூசிக்கொண்டன. ஒவ்வொரு சாப்புக்கும் பின்னால் மெல்லிய நிழல் அடி. குரல் மாதிரி நீண்டு வரும் ஒலிக்குக் காது நிறையப் பொறுத்துக்கொள்ளும். சுருக்கென்று விழும் அடிக்கு அவ்வளவு பொறுக்காது. அதனால் தாமதத்தைக் குரலை வைத்து முடிவு செய்யாதீர்கள், தாளத்தை வைத்து முடிவு செய்யுங்கள். எனக்கு 15-இல் நின்றது. ஆக மொத்தம் வலது 16.5, இடது 15.4. மலிவான டிஎஸ்பிகளில் உச்சத் தாமதமே இவ்வளவு இருக்காது. வாங்கும்முன் அதைக் கேட்டுவிடுங்கள்.

ஃபில்டர் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 3000 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டுகிறது, ஆக்டேவுக்கு 12 டெசிபல். மேலே வெட்டாவிட்டால் சிம்பலும் சலங்கையும் பின் ஸ்பீக்கர் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. பின் ஸ்பீக்கரின் ஒலியளவை வைக்க என் மச்சானைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். நான் கண்ணை மூடிக்கொள்ள, அவர் லேப்டாப்பில் பின் ஸ்பீக்கரை நிறுத்தி நிறுத்திப் போட வேண்டும். "இப்போ ஆன்ல இருக்கா மாமா, ஆஃப்லயா?" என்று கேட்பார். ஆன் செய்தபோது பின்னால் ஏதோ வருகிறது என்று நான் சொன்னால் அளவு அதிகம். ஆஃப் செய்தபோது மட்டும் கண்ணாடிகள் நெருங்கி வந்து வண்டி சுருங்கியதுபோல் தெரிய வேண்டும். முன்பக்கத்தைவிட 11 டெசிபல் கீழே அந்த இடம் கிடைத்தது. அதைக் கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம், இரண்டு டீ.

இந்தக் கழித்தலைச் சோதிக்க மிக நல்ல கருவி பழைய மோனோ பாட்டு. 1950-களின் பாட்டு எதையாவது போட்டு முன்பக்கத்தை நிறுத்துங்கள். இடதும் வலதும் ஒன்றே என்பதால் பின்னால் முழு நிசப்தம் இருக்க வேண்டும். எனக்குக் குரல் மெலிதாகக் கசிந்தது. 1000 ஹெர்ட்ஸ் மோனோ டோன் போட்டு, பின் ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு மிக்ஸரில் ஒரு பக்கத்தை ஒவ்வொரு சதவீதமாகக் குறைத்தேன். 100-க்கு 93 வந்தபோது டோன் சட்டென்று அமிழ்ந்தது, 92-க்குப் போனதும் மறுபடி எழுந்தது. ஹெட் யூனிட்டின் இரண்டு சேனலும் சமமாக இல்லை, அவ்வளவுதான். ஸ்டீரியோ பாட்டில் இப்படிக் குரல் முற்றிலும் மறையாது. குரலுக்கு ஸ்டுடியோவில் சேர்த்த எதிரொலி இரண்டு பக்கமும் வேறு வேறாக இருப்பதால் அது எஞ்சும். அது எஞ்சத்தான் வேண்டும், மண்டபமே அதில்தான் இருக்கிறது.

எதிர்பாராத இரண்டு விஷயங்களை இந்த அமைப்பு காட்டியது. ஊரைத் தாண்டிப் போகும்போது எஃப்எம்மில் பின்னாலிருந்து மட்டும் உஸ்ஸென்று இரைச்சல். ஸ்டீரியோ எஃப்எம்மில் இடதும் வலதும் கூடிய சிக்னல் ஒரு பகுதியாகவும், கழித்த சிக்னல் 38 கிலோஹெர்ட்ஸ் துணை அலையில் தனியாகவும் வருகின்றன. சிக்னல் தேயும்போது முதலில் இரைச்சல் ஏறுவது அந்தக் கழித்த பகுதியில். நான் அதை மட்டும் எடுத்துப் பின்னால் விட்டிருக்கிறேன். இன்னொன்று, குறைந்த பிட்ரேட் எம்பி3. பழைய பென்டிரைவில் உள்ள பாட்டுகளில் பின்னால் தண்ணீருக்குள் கிலுகிலுவென்று ஏதோ அசைவது போல் கேட்டது. கோப்பைச் சிறிதாக்கும்போது கழித்த பகுதிக்குத்தான் பெரும்பாலும் குறைவான பிட்டுகள் கிடைக்கும்; அந்தச் சேதம் முன்பக்கத்தில் குரலுக்கடியில் மறைந்திருந்தது, இங்கே அம்மணமாக வந்து நின்றது. அதே கச்சேரியை சிடியிலிருந்து, தரம் குறையாத ஃப்ளாக் கோப்பாக எடுத்துப் போட்டேன். கிலுகிலுப்பு போய், அந்த இடத்தில் ரசிகர்கள் கைதட்டுவது தெரிந்தது. எனக்குப் பின்னால், இரண்டு பக்கமும், வரிசை வரிசையாக. பல்லவி முடிந்து யாரோ "பலே" என்றது இடது தோளுக்கு அப்பால் கேட்டபோது நிஜமாகவே திரும்பிப் பார்த்தேன்.

மேடையில் வயலின் என் வலப்பக்கம், மிருதங்கம் இடப்பக்கம். வலக்கைக்காரர் வாசிக்கும்போது மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலை சபையைப் பார்க்க வேண்டும் என்பதால் பாடகருக்கு வலப்பக்கம், அதாவது நமக்கு இடப்பக்கம் உட்காருவார். அந்தப் பதிவை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று அன்றுதான் தெரிந்தது.

ஆனால் அடுத்த நாளே மகள் பின்சீட்டில் ஏறி, "அப்பா, பின்னாடி பாட்டே வரலையே, யாரோ கிணத்துக்குள்ள பாடற மாதிரி இருக்கு" என்றாள். அவள் சொன்னது சரி. இந்த அமைப்பு ஓட்டுகிறவருக்கு மட்டுமானது. பின்சீட்டுக்காரர் காதுக்கு அருகில் இருப்பது நடுவை இழந்த பாட்டு. டிஎஸ்பியில் இரண்டாவது ப்ரீசெட் (சேமித்து வைக்கும் அமைப்பு) வைத்தேன். அதில் பின் அவுட்புட்டுகள் இன்புட் 1, 2-இலிருந்து முழுப் பாட்டையும் எடுத்துக்கொள்ளும், தாமதமும் கழித்தலும் கிடையாது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு ரிமோட் பட்டன். குடும்பத்தோடு போனால் இரண்டு, தனியாகப் போனால் ஒன்று. கியர் லீவருக்குப் பக்கத்தில் அது எது என்று மகளே ஸ்டிக்கர் எழுதி ஒட்டியிருக்கிறாள்.

நான்குவழிச் சாலையில் எண்பதில் போகும்போது டயர் சத்தம் அந்த 11 டெசிபல் கீழே இருக்கும் ஒலியை விழுங்கிவிடுகிறது. நெடும்பயணத்துக்கு 3 டெசிபல் ஏற்றி மூன்றாவது ப்ரீசெட் ஒன்று வைத்திருக்கிறேன். பின் சக்கர வளைவின் உள்பக்கம் ஷீட் ஒட்டுவது பாக்கி. அதை முடித்தால் ஒருவேளை மூன்றாவது தேவைப்படாது.